பேப்பரில் வந்த போட்டோ

வில்லியனூரிலிருந்து சேதராப்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். முந்தின நாள் பார்த்த சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் சுட்டுக்கொள்ளும் கதையாம்.

"சாவுறவன தூக்காம போட்டோ எடுக்கறாளே அந்த ரிப்போர்ட்டர், இன்னா ஜென்மமோக்கா!" என்றாள் இளையவள்.

"நானும் அப்டிதான்டி திட்னேன்," என்றாள் மற்றவள். "எங்க வூட்டுக்காரரு லாரில அடிபட்டு ரோட்ல கெடந்தப்போ ஒருத்தன் போட்டோ எடுத்து பேப்பர்ல போட்டுட்டான். மண்ண வாரித் தூத்துனேன்."

"அப்புறம்?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிரு போயிடுச்சி. தொறந்திருந்த கண்ண ஆஸ்பத்திரிக்காரங்களே மூடி வுட்டுட்டாங்க. அந்த போட்டோவுலதான் முழிச்சினு யாரையோ தேடுறாரு."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தான் தேடுறாருன்னு நெனச்சிக்குவேன்டி."