பின்சக்கரத்து டிரம்

கறுப்புப் பெயின்ற் சரியாகக் காய இரண்டு மணித்தியாலம் வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரப்பட்டால் விரல் அடையாளம் விழுந்துவிடும். நான் அவசரப்படவில்லை.

கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். கொன்ஸ்ரன்ரைனின் பழைய பெட்ஃபோர்ட் லொறியில் வேறு யாரும் கைவைத்ததில்லை. எங்கள் கோயில் திருநாளுக்கு, தேவதூதரைப்போல முதுகில் செட்டை கட்டிச் சம்மனசு வேடம் போட்ட பிள்ளைகள் அதில்தான் போவார்கள். அவனுடைய தகப்பன் வைத்த நேர்த்திக்கடன்.

இந்த முறை பின்சக்கரத்துப் பிரேக் டிரம் துருவேறி இறுகிப்போயிருந்தது. சூடு காட்டி, ஆறுதலாக அசைத்து எடுக்க வேண்டும். எனக்கு அன்றைக்கென்று விசர் வந்தது. சம்மட்டியால் ஓங்கி அடித்தேன். வார்ப்பிரும்பு, வெடித்துவிட்டது. பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகள் முழுக்க அலைந்தேன். அந்தக் காலத்து டிரம் ஒருவரிடமும் இல்லை. திருநாளுக்கு மூன்றே நாள். நான்தான் உடைத்தேன் என்று அவனிடம் சொல்ல எத்தனையோ தரம் வெளிக்கிட்டேன், வாய் வரவில்லை. வெடிப்பைப் பித்தளையால் ஒட்டி, லேத்தில் கடைந்து, பெயின்ற் அடித்தேன். நல்ல டிரம்மை ஸ்பானரால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். இது தொப்பென்றது. ஒருதரம்தான் தட்டிப் பார்த்தேன்.

கொன்ஸ்ரன்ரைன் வந்து கேட்டான்: "அண்ணை, பிள்ளையளை ஏத்தலாந்தானே?"

"ஓம் தம்பி, பயமில்லாமல் ஏத்து."

அது தாங்கும் என்று நான் மனதார நம்பினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருநாளன்று, துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில் டிரம் பிளந்து, பிரேக் எண்ணெய் கொட்டிப்போனது. அந்த லொறியில் ஒரு சக்கரத்தில் பிரேக் எண்ணெய் போனால் நான்கிலும் பிரேக் இல்லை. மதிலில் மோதித்தான் நின்றது. மற்றப் பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். கொன்ஸ்ரன்ரைனின் மகள் மெலனி, ஏழு வயது, அங்கேயே முடிந்துபோனாள்.

"லொறியில பிழையில்லை, அது அண்ணை செய்த வேலை. நான்தான் மிதிக்கப் பிந்திட்டன்" என்று அவன் உங்களிடம் சொன்னானாம். கேட்டதிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. அதுதான் வந்தேன்.

இன்னொன்று. மெலனி அன்றைக்கு லொறியில் ஏற இருந்தவளே இல்லை. அது என் மகள் உஷாந்தியின் இடம். லொறி வெளிக்கிட முன்னர், அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் இறக்கிவிட்டேன். காய்ச்சல் இருக்கவில்லை. அவளுடைய செட்டைகளைக் கழற்றி, ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்ற மெலனிக்கு என் கையாலேயே கட்டிவிட்டேன். வழியில் அவிழக் கூடாதென்று முடிச்சை இறுக்கித்தான் போட்டேன்.