போடாத மூட்டை

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை நான் சொன்னபடியே முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. மேற்படி முகவரியில் மனைவி, மகளுடன் குடியிருந்துகொண்டு, கட்டட கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக வேலை செய்து வருகிறேன். ஆள் தவறி விழுந்தால் தாங்குவதற்குச் சாரத்துக்குக் கீழே வலை கட்டுவோம். வலையை ஒவ்வொரு மாடிக்கும் ஏற்றிக் கட்டியதும், ஆள் எடைக்கு ஒரு மணல் மூட்டையை மேலிருந்து தள்ளிப் பார்க்க வேண்டும். வலை தாங்கினால்தான் ஆட்கள் ஏறலாம். அது என் பொறுப்பு என்பதால் வேலையிடத்தில் எனக்கு ‘மூட்டை சார்’ என்று பெயர்.

வலை வருவதற்கு முன்பு எல்லோரும் கயிறு கோத்த பாதுகாப்பு பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டித்தான் நகர்வார்கள். வந்த பிறகு பயம் விட்டுப்போய், பலர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்தார்கள். பூச்சு வேலை மளமளவென்று நடந்தது. பயம் போனால் ஆபத்தும் போய்விட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சம்பவத்தன்று காலை இரண்டாம் மாடியில் வலையைக் கட்டி, எல்லோரும் பார்க்க மூட்டையைத் தள்ளினேன். ஒரு மூலைக் கொக்கி பிடுங்கிக்கொண்டு மூட்டை தரையில் விழுந்து சிதறியது. “மூட்டை சார், ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு கொக்கியை நானே வேறு இடத்தில் அடித்து இறுக்கினேன். அதன் பிறகு இன்னொரு மூட்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதுவும் விழுந்தால் ஒருவரும் ஏற மாட்டார்கள், என் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தேன். ஆள் விழுவான் என்ற பயத்தைவிட மூட்டை விழும் என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சொல்லவே கூசுகிறது. “இப்ப சரியாயிடுச்சு, ஏறுங்க” என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. அங்கே கொத்தனாராக இருக்கும் என் மனைவியின் தம்பி, “எங்க மாமா கட்டினதுய்யா, நான் ஏறுறேன்” என்று முதலில் ஏறினான். அதன் பிறகு மற்றவர்களும் ஏறினார்கள். ஜன்னல் மூலை எட்டவில்லை என்று அவன் பெல்ட்டைக் கழற்றியதைக் கீழிருந்து பார்த்தேன். மாட்டச் சொன்னால், வலையை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு அவன் நின்ற சாரப் பலகை புரண்டு அவன் வலையில் விழுந்தான். அதே மூலை மறுபடியும் பிடுங்கிக்கொள்ள, வலையோடு சரிந்து தரையில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும், தன் அக்கா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அவன் என்னிடம், “பெல்ட்டக் கழட்டினது நான்தான் மாமா. நீங்க கவலப்படாதீங்க. ரெண்டாவது மூட்டையும் போட்டுப் பாத்தீங்கன்னு நான் போலீஸ்ல சொல்லிடுறேன்” என்றான். நான் சரி என்றேன். அவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, சரி என்றுதான் சொன்னேன்.

அவன் அப்படிச் சொல்லியிருந்தால், எனக்காகச் சொன்னது. அதை அடித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளவும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை.

(கையொப்பம்)