வீணை வாசித்த விசைத்தறி

சோமனூரிலிருந்து கோவை வந்த பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"எங்க விசைத்தறியப் பத்தி கவர்மெண்ட் எடுத்த படத்த நேத்துப் பள்ளிக்கூடத்துல போட்டாங்க்கா. தறிச் சத்தத்த எடுத்துப்போட்டு வீணைய வாசிச்சு உட்டிருக்கறாங்க!"

"ஏனாம், கண்ணு?"

"நானும் எந்திரிச்சு படம் போட வந்த ஆபீசரக் கேட்டனுங்க்கா. அந்தச் சத்தத்தப் போட்டா பாக்கறவங்களுக்குக் காது வலிக்குமாமா! எங்கூட்டுக்காரருக்கு அந்தச் சத்தத்துலயே நின்னு ரெண்டு காதும் போயிருச்சே, அது உங்களுக்குத் தெரியலீங்களான்னு கத்திப்போட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அதக் கேக்க நான் எங்கீங்க்கா நின்னேன்? எங்கூட்டுக்காரரு கையப் புடிச்சு இழுத்துட்டு வெளிய வந்துட்டேன்."

"உங்கூட்டுக்காரரு என்ன சொன்னாரு, கண்ணு?"

"அவருக்குத்தான் ஒண்ணுமே கேக்கலீங்களே. அதுக்குள்ள படம் முடிஞ்சிருச்சா அம்மணின்னு கேக்கறாரு."