விதைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி

ஈரத்தாளில் விதை வைப்பது சுலபமான வேலைதான். இடுக்கியால் ஒன்றை எடுக்க வேண்டும், வைக்க வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். தட்டுக்கு நூறு, நான்கு தட்டுக்கு நானூறு. பத்தாம் நாள் முளைத்ததை எண்ணி, சதவீதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நீங்கள்கூடச் செய்யலாம். உங்கள் மேஜை கிடக்கிற லட்சணத்தைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது, ஆனாலும் செய்யலாம்.

இருபத்திரண்டு வருடமாக விதைப் பரிசோதனைக் கூடத்தில் இதைச் செய்கிறேன். முகத்துக்கு நேரே ‘சார்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘நானூறு’. பெயர் வைக்கக்கூட அவர்களுக்கு மூளை அவ்வளவுதான் ஓடும். எனக்கு அதில் வருத்தமில்லை.

என் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. விதைக்கும் விதைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஒன்று அழுகினால் பூஞ்சை பக்கத்திலிருப்பதற்குத் தாவும், அதனால்தான். கையேட்டில் எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு விடுவேன். அளவுகோல் வைத்துத்தான் வைப்பேன். என் தட்டில் ஒரு வேர் இன்னொரு வேரைத் தொட்டது கிடையாது. தனியாக நின்று முளைக்கத் துப்பிருந்தால் முளைக்கட்டும். எழுபதுக்குக் கீழே போனால் அந்த மூட்டைகள் முழுவதையும் கழித்துவிடுவேன், விற்க முடியாது. விதை வளர்த்தவர்கள் வந்து வாசலில் நின்று அழுவார்கள். நீங்கள் அழுதால் அது முளைக்குமா என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

அவள் மூன்று வருடத்துக்கு முன்பு வந்தாள். எதிர் நாற்காலி. வாய் ஓயாது. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளை பரீட்சையில் தேறியது எல்லாம் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். ‘பக்கத்து வீடு’ என்று பெயர் வைத்தேன். அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் கீரை விதைத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடுகில் பாதிகூட இருக்காத விதை. அதை நெருக்கி நெருக்கி வைத்திருந்தாள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

“சார், இது பக்கத்துல ஆள் இருந்தாத்தான் எழுந்திருக்குது. தள்ளி வச்சா அப்படியே படுத்துக்கிடக்குது.”

“இது விதையா, சந்தையில கூடுற கூட்டமா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கேலி செய்தால் கேலி என்று புரிந்துகொள்ளும் அறிவு வேண்டும். அவளுக்கு அது கிடையாது.

அடுத்த வாரம் இன்னொன்று செய்து காட்டினாள். முளைத்துக்கொண்டிருந்த தட்டிலிருந்து தண்ணீரை வடித்து, முளைக்காத விதை மேல் விட்டிருந்தாள். மூன்றாம் நாள் அவை வாய் பிளந்தன. முந்திக்கொண்ட விதை ஏதோ ஒன்றைத் தண்ணீரில் விடுகிறது, அது பக்கத்தில் தூங்குவதை எழுப்புகிறது என்றாள்.

“அழுகல் பரவுறது உண்மைதான் சார். நீங்க சொல்றது தப்பில்ல. ஆனா நல்லதும் பரவுது, அதையும் கணக்குல எடுக்கணும்ல?”

எனக்குப் பாடம் எடுக்கிறாள். நான் முதல் தட்டு வைத்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அவள் பழைய பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்தாள். இந்தக் கீரை விதையில் நான் கழித்த மூட்டைகளைத் தேடித் தேடி ஒரு பட்டியல் போட்டாள். கழித்த ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பையை எடுத்து உறைகுளிர் அறையில் வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பைகளை எடுத்து மறுபடி முளைக்க வைக்கலாம் என்றாள்.

“பாதிக்கு மேல உயிரோடதான் சார் இருந்திருக்கும். பாவம், விதை வளர்த்தவங்களுக்குத் தெரியணும்ல? நம்ம ரெண்டு பேர் பேர்லயும் எழுதி அனுப்பலாம். உங்க பேரை முதல்ல போட்டிருக்கேன்.”

தாளை நீட்டினாள். என் பெயர் மேலே இருந்தது. என் இருபத்திரண்டு வருடத்தை மொத்தமாகக் குழியில் தள்ளிவிட்டு, மேலே என் பெயரை எழுதி எனக்குத் தர்மம் போடுகிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பிறகு எட்டு மாதம் பொறுமையாக வேலை செய்தேன். கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அம்மாவிடம், உடைந்த தட்டுகளுக்கு உங்களைத்தான் காரணம் சொல்கிறாள் என்றேன். எண்ணும் பெண்கள் இருவரிடம், உங்கள் தவறுகளைத் தனி நோட்டில் குறித்து வைக்கிறாள் என்றேன். மேலதிகாரியிடம் ஒன்றுமே சொல்லவில்லை, அவள் பேச்சு வரும்போதெல்லாம் பெருமூச்சு விட்டேன். அந்த மனிதருக்கு அதுவே போதும். ஒருவராவது அவளிடம் நேரில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தரம் அவ்வளவுதான். நான் யாரையும் வேரோடு பிடுங்கவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டேன், அவ்வளவுதான்.

அவள் டப்பாவைத் திறந்து நீட்டினால் வயிறு சரியில்லை என்றார்கள். தேநீருக்கு அவளைக் கூப்பிடாமல் போனார்கள். ஒரு நாள் என்னிடமே வந்து, “நான் யாரையாச்சும் ஏதாச்சும் சொல்லிட்டேனா சார்? எங்கிட்ட யாருமே பேச மாட்டேங்கறாங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. நீங்கள்தான் கொஞ்சம் குறைத்துப் பேச வேண்டும் என்றேன். தலையாட்டினாள். மெலிந்தும் போனாள். கூட்டம் இல்லாமல் முளைக்கத் தெரியாததன் கதி இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பட்டியலை மட்டும் அவள் விடவில்லை. நான் நாற்பத்தொன்று என்று கழித்த ஒரு பையை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, நான்கு தட்டில் நெருக்கி வைத்தாள். அதே பையிலிருந்து நான்கு தட்டு என் முறைப்படி என்னை வைக்கச் சொன்னாள். பத்தாம் நாள் அந்தச் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை அரை நாள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் குளிர் அறைக்குப் போடும் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். கைப்பேசியை மேஜை மேல் வைத்தாள், உள்ளே கொண்டுபோனால் கெட்டுவிடும் என்று.

குளிர் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு வருடமாகிறது. மூன்று முறை எழுதிக் கொடுத்தும் பழுது பார்க்க யாரும் வரவில்லை. அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கனமான கதவு, விட்டால் தானே சாத்திக்கொள்ளும். முன்பெல்லாம் அவளுக்குக் கதவு பிடிக்க நான் நீ என்று வருவார்கள்.

“சார், கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? பதினோரு பை இருக்கு, பத்து நிமிஷத்துல எடுத்துருவேன். எண்ணுற பொண்ணுங்ககிட்டக் கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க.”

பிடித்துக்கொண்டேன். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, “அந்த எட்டுத் தட்டையும் நீங்களே எண்ணுங்க சார். நான் எண்ணினா நம்ப மாட்டீங்க. நீங்க எண்ணினா ஒண்ணுகூடத் தப்பாது” என்றாள். கடைசி அடுக்குக்குப் போய்க் குனிந்து பைகளைத் தேட ஆரம்பித்தாள்.

எண்ணச் சொன்னது அவள்தான். கை கதவில் இருந்தால் எப்படி எண்ணுவது? என் மேஜைக்குப் போனேன். கதவை நான் சாத்தவில்லை. அது தானே சாத்திக்கொள்ளும் கதவு என்று ஏற்கெனவே சொன்னேன், எழுதிக்கொண்டீர்களா என்று தெரியவில்லை.

முதலில் என் தட்டுகளை எண்ணினேன். சராசரி நாற்பத்தொன்று, நான் முன்பு எழுதியதேதான். பிறகு அவளுடைய நான்கு. வேரோடு வேர் பின்னிக்கிடந்தது, ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டியிருந்தது. எண்பத்தெட்டு, எண்பத்தைந்து, தொண்ணூறு, எண்பத்தொன்பது. அவள் சொன்னது சரி. இதை உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, எண்ணிக்கையில் நான் பொய் சொன்னதே கிடையாது. அவளுடைய தட்டுகளைக் குப்பையில் கொட்டிவிட்டு, என்னுடையதைப் பதிவேட்டில் எழுதினேன்.

நடுவில் அவள் கைப்பேசி நாலைந்து முறை அடித்தது. பிறகு அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவள் வீட்டுக்காரர்.

“சார், அவ போனையே எடுக்க மாட்டேங்கறா. கிளம்பிட்டாளா?”

“பன்னெண்டரைக்கே கிளம்பிட்டாங்களே. போனை மேஜையிலேயே மறந்துட்டுப் போயிட்டாங்க போல.”

“அப்படியா, சரிங்க சார். ரொம்ப நன்றி.”

நன்றி சொல்கிறான். அவளுக்கேற்ற ஆள்தான். விளக்கை அணைத்து, வெளிக்கதவைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு முழுவதும் அவள் வீட்டுக்காரன் ஊரெல்லாம் தேடினானாம், கூடத்தில் தேட அவனுக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலையில் குளிர் அறையைத் திறந்தது பாத்திரம் கழுவும் அம்மா. பதினோரு பையும் அவள் மடியில் இருந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எட்டு மாதமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

நீங்கள் ஒரே கேள்வியை மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். கதவு தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் பலமாக, பிறகு விட்டு விட்டு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டது. என் மேஜைக்கும் அந்தக் கதவுக்கும் பன்னிரண்டு அடிதான். ஆனால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் எழுந்துபோனால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.