நின்றவர்களின் நோட்டு

கம்பெனிக்குப் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் பாக்கி வைத்திருந்த எங்கள் டைம்கீப்பர், கேட்டின் காவல், கடிகாரத்தின் கூடப்பிறப்பு, காலை எட்டு நாற்பதின் கண்டிப்பு, இருபத்தாறு ஆண்டுகள் ஒரே இரும்பு நாற்காலியில் அமர்ந்து இருநூற்றுப் பத்துப் பேரின் வருகையைப் பிழையின்றிப் பதித்த கை, எங்கள் எல்லாருக்கும் டைமக்கா, திருமதி சாரதாமணி அம்மையார் அவர்களுக்கு, பணி நிறைவு பெறும் இந்நாளில் தொழிலாளர்கள் அனைவரும் ஒருமித்து வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்,

பாராட்ட வந்த இடத்தில் பாக்கியைச் சொல்லித் தொடங்குவார்களா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தில் ஆயத்தமாக ஒரு மடல் இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும், ஃபிரேமோடு எண்ணூறு ரூபாய். அதில் உங்களை வற்றாத நதி என்றும் வாடாத மலர் என்றும் போட்டிருந்தது. தையல் பிரிவு கலைமகள் அதைப் படித்துவிட்டு, "டைமக்கா என்னிக்குங்க மலராட்டம் இருந்தாங்க? லேட்டா வந்து பாருங்க, கருவேல முள்ளு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நடந்ததை நாமே எழுதுவோம் என்று அப்போதுதான் முடிவாயிற்று. எழுதும் வேலை துணிக்கிடங்கில் ரோல் சுமக்கும் ஆத்தப்பனாகிய என்னிடம் வந்தது. நான் எழுத்துக் கூட்டப் பழகி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. பிழை இருந்தால் உங்கள் சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுங்கள்.

அந்தச் சிவப்புப் பேனாவின் சிறப்பை முதலில் சொல்ல வேண்டும். எட்டு நாற்பதுக்குள் கேட்டில் நுழைந்தவர்களுக்கு நீலப் பேனா. அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் சிவப்புப் பேனா. அரை ஷிப்ட் கூலி வெட்டு. அழுதாலும் சிரித்தாலும், ஆடி நோம்பிக்குப் பலகாரம் கொண்டுவந்து நீட்டினாலும் நீங்கள் மாறியதில்லை. உங்கள் தம்பி மகள் கீர்த்தனா இரண்டு நிமிடம் பிந்தி வந்த அன்றும் பேனா சிவப்பாகத்தான் இருந்தது. "அத்தைன்னு சொல்லிக்கவே வேண்டாம் போங்க" என்று அந்தப் பெண் கண் கலங்க, "அத்தையெல்லாம் ஊட்டுல கண்ணு. இங்க டைம்கீப்பர்" என்றீர்கள். உங்கள் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்த நேர்மைக்கு நாங்கள் கொடுத்த விலை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் அச்சக மடல்தான்.

எட்டு நாற்பதைப் பிடிக்க நாங்கள் பறந்தோம். குழாயில் தண்ணீர் பிந்தி வந்த நாளில் பறந்தோம், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் பறந்தோம். சந்து கிடைத்தால் நுழைந்தோம், சிக்னல் மாறுமுன் பாய்ந்தோம். தூரத்தில் காக்கி தெரிந்தால் வண்டியைத் திருப்பினோம். நின்றால் கால் மணி போகும். கால் மணி போனால் அரை ஷிப்ட் போகும். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. பைக்கை ஓட்டியது நான். பின்னால் கட்டிங் பிரிவு அருள்செல்வன். நொய்யல் பாலத்துக்கு முன்னால் போலீஸ் சோதனை. மணி எட்டு இருபத்தெட்டு. என்னிடம் லைசென்ஸ் இல்லை. எழுத்து தெரியாதவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எப்படிப் பரீட்சை எழுதுவது என்ற வெட்கத்தில் பத்து ஆண்டுகளாக அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கை காட்டறாங்க. நில்லுங்க" என்றார் அருள்செல்வன்.

"நின்னா அரை ஷிப்ட் போயிரும். கெட்டியாப் புடிச்சுக்க" என்றேன்.

வண்டியைத் திருப்பி ஒருவழிப் பாதையில் எதிராக விட்டேன். முள் அறுபதைத் தாண்டியது. விசில் சத்தம் கேட்டது. துரத்தி வருகிறார்கள் என்று நினைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் முன்னால் நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குத் தோள்பட்டை போயிற்று. அருள்செல்வனுக்கு வலது முழங்கால்.

பின்னால் யாரும் வரவே இல்லை. கை காட்டிய காவலர் நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை. மோதிய சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தார். நான் யாரிடமிருந்து ஓடினேனோ அவர்தான் அருள்செல்வனைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார். வழக்கு என்மேல் வந்தது, வர வேண்டியதுதான். படுத்த படுக்கையில் இருந்தபோது எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாருமே துரத்தாமல் நான் இவ்வளவு வேகமாக எதற்கு ஓடினேன்?

அன்று மாலை நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள்.

"ஏனப்பா, கை காட்டுனா நின்னா என்ன? போலீஸ் என்ன கடிச்சா தின்னுருவாங்க?"

"போலீசுக்கு எங்கீங்க பயந்தேன். உங்களுக்குத்தானுங்க பயந்தேன்."

நீங்கள் கைப்பையின் வெளியே குத்தியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்து மூடினீர்கள். பக்கத்துக் கட்டிலில் மயக்கம் தெளியாமல் கிடந்த அருள்செல்வனின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனீர்கள்.

போலீஸ் நிறுத்திப் பிந்தி வருகிறவர்களுக்குக் கூலி வெட்ட வேண்டாம் என்று அந்த வாரமே நீங்கள் முதலாளியிடம் போய்க் கேட்டது எங்களுக்குத் தெரியும். முதலாளி மகுடேஸ்வரன் அவர்கள் மேடையில் இருக்கிறார்கள், மறுக்க மாட்டார்கள். "ஒருத்தருக்கு உட்டா நாளைக்கு ஊரே போலீஸ் புடிச்சுதுன்னு வந்து நிக்கும்ங்க" என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் நேராகக் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினீர்கள். மறுநாள் கேட்டில் வைத்து எல்லாரிடமும் சொன்னீர்கள்:

"போலீஸ் கை காட்டுனா நில்லுங்க. நின்னு, காட்ட வேண்டியதக் காட்டி, கட்ட வேண்டியதக் கட்டிப்போட்டு வாங்க. எட்டு நாப்பதுன்னு நான் எழுதிக்கறேன். தப்பிச்சு ஓடிவந்து எட்டரைக்கே நிக்கறவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

அந்த நோட்டில் ஒரு வரிக்கு மூன்றே விவரம். தேதி, பெயர், அதன் எதிரே ஒரு சொல்: நின்றார்.

ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. மூன்றாம் நாளே தேய்ப்புப் பிரிவு அன்பர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒன்பது மணிக்கு வந்தார்.

"போலீஸ் புடிச்சுட்டாங்கக்கா."

"எவடத்தால?"

"பாலத்துகிட்டீங்க."

"புடிச்சவருக்கு மீசை இருந்துதா?"

"பெரிய மீசைங்க."

"இன்னிக்கி அங்க நின்னது லேடி போலீசு. பஸ்ஸுல வரைல பாத்துட்டுத்தான் வந்தேன். சிவப்புப் பேனாவ எடுக்கட்டுமா, இல்ல தூங்கிப்போட்டேன்னு நீயே சொல்றியா?"

அவர் அன்று சிவப்பில்தான் போனார். அதன் பிறகு யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் தினமும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்து வந்ததன் காரணமும் எங்களுக்கு விளங்கிற்று.

என் பெயர் அந்த நோட்டில் மூன்று முறை இருக்கிறது. தோள் ஆறியதும் லைசென்ஸ் இல்லாமலேதான் மறுபடி ஓட்டினேன். வெட்கம் அப்படி. ஆனால் முதல் முறையாக நின்றேன். அபராதம் எழுதி, வண்டியையும் வைத்துக்கொண்டார்கள். நடந்து வந்து சேர்ந்தபோது ஒன்பதே கால். "வண்டி கெடக்குது. ஆளு முழுசா வந்துட்டியல்ல" என்று நீங்கள் நீலப் பேனாவை எடுத்தீர்கள். இரண்டாம் முறையும் அதே கதை. கட்டி மாளாது என்று தோன்றிய பிறகுதான் நாற்பத்தாறாவது வயதில் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எழுத்தோடு சேர்த்து சாலைச் சின்னங்களையும் கற்று, இரண்டாவது தடவையில் தேறி லைசென்ஸ் வாங்கினேன். மூன்றாம் முறை காவலர் கை காட்டியபோது நீட்டுவதற்கு என் சட்டைப் பையில் ஓர் அட்டை இருந்தது. "போலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்கு நான் எத்தனை வருடம் ஓடியிருக்கிறேன்.

நோட்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை, வேலைக்கு வரும் வழியில் தப்பி ஓடி விழுந்தவர் நம்மில் ஒருவரும் இல்லை. ஏற்றுமதிக் கணக்கில் எங்கும் வராத எண்ணிக்கை இது. இதை எழுதி வைக்கத்தான் இந்த மடல்.

சென்ற மாதம் ஆடிட் வந்தது. ஆபீசுக்குப் புதிதாக வந்த எச்.ஆர். பிரபாகர் சார் கையில் நோட்டு அகப்பட்டது. கம்பெனிப் பேச்சில் ஓர் ஆள் நின்றுவிட்டார் என்றால் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பொருள். சார் அப்படித்தான் படித்தார். நாற்பத்திரண்டு வரிகள், நாற்பத்திரண்டு முறை ஆள் போயிருக்கிறது, போனவர்கள் பெயரில் டைம்கீப்பர் கூலி எடுத்திருக்கிறார் என்று முதலாளிக்குக் கடிதம் போயிற்று. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு காசும் தனக்கென்று எடுக்காத உங்களுக்குத் திருட்டுப் பட்டம் வர ஒரு நாள்தான் பாக்கி. விசாரணைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஆத்தப்பன், நீங்க மூணு தடவை வேலையை விட்டு நின்னிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் எப்போ திரும்பச் சேர்ந்தீங்க?"

"நான் எங்கீங்க சார் போனேன்? இங்கதானுங்க ரோல் தூக்கிட்டிருக்கறேன்."

"நின்றார்னு எழுதியிருக்கே?"

"அது போலீசுக்கு நின்னதுங்க."

சார் நல்லவர். விஷயம் விளங்கியதும் எழுந்து கேட்டுக்கே வந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டார். திருட்டு இல்லை என்றாயிற்று. ஆனால் வெட்டாமல் விட்ட அரை ஷிப்ட் நாற்பத்திரண்டு அப்படியே நின்றது. கூட்டிப் பார்த்தால் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது. விட்டுவிடலாம் என்று சாரே சொல்லிப் பார்த்தார். நீங்கள் கேட்கவில்லை. "ஒம்பதுக்கு வந்தவங்கள எட்டு நாப்பதுன்னு எழுதுனது பொய்தானுங்க. எம் பேருல பாக்கின்னு போட்டு, போறப்ப வர்ற காசுல புடிச்சுக்குங்க" என்றீர்கள். தம்பி மகளுக்கு எடுத்த சிவப்புப் பேனாவை உங்களுக்கும் எடுத்தீர்கள்.

அம்மையீர், இதுவரை சொன்னது நீங்கள் அறிந்தது. இனிச் சொல்வது அறியாதது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். காலை எட்டு இருபதுக்கு நாங்கள் கேட்டில் இருந்தோம். அரை ஷிப்ட் வேலை செய்கிறோம், அந்தக் கூலியை அக்கா கணக்கில் வரவு வையுங்கள் என்று முந்திய நாளே கேட்டு வைத்திருந்தோம். நோட்டில் பெயர் உள்ளவர்களில் ஏழு பேர் பீகாருக்கும் தேனிக்கும் திரும்பிவிட்டார்கள். அவர்கள் வரிக்கும், ஒரு முறைக்கு மேல் நின்றவர்களின் மிச்ச வரிக்கும் வேறு ஆட்கள் வந்தார்கள். நாற்பத்திரண்டு பேர் என்று, உங்கள் நாற்காலிக்கு அடுத்து வரப்போகும் ஜனனி எண்ணி உள்ளே விட்டார். நாற்பத்து மூன்றாவதாக அருள்செல்வன் காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"உங்க பேருதான் நோட்டுலயே இல்லையேங்க" என்றார் ஜனனி.

"அன்னிக்கி நின்னிருந்தா மொத வரியே எங்க ரெண்டு பேர்தான் கண்ணு. உள்ள உடு" என்றார்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் என் கையில் ஓர் அட்டைப்பெட்டியைத் திணித்து, "சும்மா நிக்காதீங்கண்ணா" என்றார்.

மதியம் முதலாளி வந்து பார்த்தார்கள். "கூலி வேண்டாம்னு வேலைக்கு வந்தத இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார்கள். நோட்டை வாங்கிப் புரட்டினார்கள். "இன்னும் எத்தன பக்கம் இருக்குது?"

"பாதிக்கு மேல காலிங்க" என்றார் பிரபாகர் சார்.

"அப்பறம் எதுக்கு வீணாக்கறது? ஜனனிகிட்டக் குடுத்து வைங்க. எழுதட்டும்."

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வரவு பதினோராயிரத்து அறுநூற்றுப் பத்து. பாக்கி போக மிஞ்சிய இருநூற்று எழுபது ரூபாய், நீங்கள் இப்போது பார்க்கும் இந்த ஃபிரேமில் இருக்கிறது. உங்கள் பணிக்கொடையிலிருந்து ஒரு காசும் பிடிக்கப்படாது. பிரபாகர் சார் கையெழுத்திட்ட ரசீது பின்பக்கம் ஒட்டியிருக்கிறது.

உடல் நலத்தோடும் மனநிறைவோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். நாளைக் காலை எட்டு நாற்பதுக்கு நீங்கள் எங்கேயும் இருக்க வேண்டியதில்லை. காப்பி ஆறும்வரை உட்கார்ந்து குடியுங்கள். பஸ்ஸில் எந்தப் பக்கத்து இருக்கை கிடைத்தாலும் உட்காருங்கள். பாலத்துக்கிட்ட யார் கை காட்டினாலும் எங்கள் வண்டி நிற்கும்.

நோட்டின் நாற்பத்து மூன்றாவது வரியை இன்று காலை நானே எழுதினேன். நீலப் பேனாவில். எந்தப் பொருளில் படித்தாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

சாரதாமணி, டைம்கீப்பர். நின்றார். பாக்கி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நீலப் பேனாவால் முழுசாக வந்து சேர்ந்த
தொழிலாளர்கள் அனைவரும்,
வேலம்பாளையம்.