இரும்புக் கதவில் தேக்கு ரேகை

— இங்கிட்டு வா நிஷா. பக்கத்துல வந்து உக்காரு. ஒரு கதை சொல்றேன், கேட்டுக்க.

— கதை சொல்ற நேரமாங்க இது? நேத்துப் பொழுது சாய வந்து எறங்குனீங்க. இன்னும் பெட்டியக்கூடப் பிரிக்கலை. செத்த நேரம் படுங்க, அலுப்புத் தீரட்டும்.

— படுத்துத் தீர்ற அலுப்பா இருந்தா எப்பவோ தீர்ந்திருக்கும். கேளு. கத்தார்ல ஜமால் மைதீன்னு ஒரு ஆளு இருந்தான்.

— தெரியும், தெரியும். நான் வாக்கப்பட்ட ஆளுதான்.

— அவனேதான். கதவுக் கம்பெனியில வேலை. இரும்புக் கதவு மேல மர டிசைன் ஷீட்டை ஒட்டணும். சூடு காட்டி, குமிழி வராமத் தேச்சு விடணும். தேக்கு கேட்டா தேக்கு, வாகை கேட்டா வாகை. மரத்தையே கண்ணுல பார்க்காம மரம் செஞ்சுக்கிட்டுக் கெடந்தான். அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஊருக்குப் போனா, நம்ம வாசல்ல நெசமான மரக்கதவுல கைய வைக்கணும்னு.

— ஏங்க, கதை எங்க போகுதுன்னு தெரியுதுங்க.

— தெரியுதுல்ல? அப்ப இந்தக் கதவைப் பாரு. மேல ஒரு கணு. கீழ அதே கணு, அதே கோணல். எந்த மரமாவது ஒரே மச்சத்தை ரெண்டு எடத்துல வச்சுக்கிட்டு வளருமா?

— போட்டோ அனுப்புனப்ப சோக்கா இருக்குன்னீங்க.

— போட்டோவுலயே தெரிஞ்சுபோச்சு. போன்ல கேட்டா நீ அழுவ, நான் கத்துவேன், ரூம்ல இருக்கிறவன் எல்லாம் காதைத் தீட்டுவான். நேர்ல வந்து தட்டிப் பார்ப்போம்னு விட்டேன். தட்டுனேன். டங்குன்னுது.

— இரும்புன்னா என்னவாம்? நம்ம ஊரு கரையான் மரத்தை விட்டா வைக்குது? பரளச்சி வரைக்கும் போய்ப் பாருங்க, புது வீட்ல பூராம் இந்தக் கதவுதான்.

— கதவை விடு. இந்த வாசக் கதவுக்குன்னு, போன தடவை வந்தப்ப காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடிச்ச எடத்துல நானே பொறுக்கி, லோடு ஆட்டோவுல கூடவே உக்காந்து கொண்டாந்தேனே, தேக்குப் பலகை. பரண்ல காணோம். எங்க?

— அதைக் கேக்காதீங்க.

— கரையான் தின்னுச்சா?

— தேக்கை அது தொடலை.

— வித்துட்டியா?

— அல்லா மேல ஆணையா இல்லைங்க.

— மல்லாங்கிணத்துல ஒன் தம்பி பாசித்து வீடு கட்டுனான்ல? அவன் வாசல்ல நிக்குதோ?

— எந்தம்பிய இழுக்காதீங்க. அவன் வீட்டுக் கதவு வேம்பு.

— நீ தேக்குன்னு சொன்னது இரும்பா இருக்கு. வேம்புன்னு சொல்றது என்னவா இருக்குமோ.

— இத்தனை வருசம் ஒங்க வீட்டைக் காத்துக் கெடந்தவகிட்டப் பேசுற பேச்சா இது?

— எனக்கும் பேசத் தெம்பு இல்லை நிஷா. அம்மா மௌத்தானப்ப லீவு குடுக்கலை. அவுக மொகத்தைப் பார்க்கலை, தோள் குடுக்கலை. "மாமிய ஒரு கொறையும் இல்லாமத்தான் எடுத்தாக"ன்னு நீ சொன்ன ஒத்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அங்க நாளைத் தள்ளுனேன். இப்ப அந்த வார்த்தையையும் தட்டிப் பார்க்கணும்போல இருக்கு.

— அதையும் இதையும் சேக்காதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

— சேக்கலை. பஸ்ஸைப் பிடிச்சு மல்லாங்கிணறு போறேன். பாசித்து கதவுல கைய வச்சா எனக்குத் தெரிஞ்சுபோகும். அது என் தேக்கா இருந்துச்சுன்னா, இந்த வாசல் பக்கம் திரும்பி வரமாட்டேன்.

— அஸ்ஸலாமு அலைக்கும். எங்க கெளம்பிட்டீங்கண்ணே?

— வ அலைக்கும் ஸலாம். யாரு, எதுத்த வீட்டு அனீஸு தானா? ஒங்க அத்தா மௌத்தான சேதியை வந்து எறங்குனப்பதான் கேட்டேன்ப்பா. அடக்கத்துக்கு வர முடியாமப்போச்சு.

— அதுக்கென்னண்ணே. நாளைக்கு வீட்ல அத்தாவுக்குப் பாத்திஹா ஓதுறோம், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அத்தாவை ஒங்க தேக்குலதாண்ணே கொண்டுபோனோம்.

— என் தேக்குலயா?

— அனீஸு, உள்ள வா, டீ போடுறேன். அந்தப் பேச்சை விடு.

— இருக்கட்டும் அண்ணி, நல்லதைச் சொன்னா என்ன? ஒங்க அம்மா மௌத்தான அன்னைக்கு, ஊர்ல யாரு மௌத்தானாலும் மையத்தை வச்சுத் தூக்குற பொதுச் சந்தூக்குப் பெட்டியை எடுக்கப் பள்ளிவாசலுக்குப் போனோம்ணே. கரையான் அரிச்சு, தொட்டதும் கையோட வந்துருச்சு. பாயிலயா கொண்டுபோறதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னோம். அண்ணிதான் பரண்ல இருந்த பலகையை எறக்கிக் குடுத்து, ஆசாரிய வரச்சொன்னாக. முதல்ல அதுல போனது ஒங்க அம்மாதாண்ணே. பெறகு, மையத்துச் சுமந்த மரம், வீட்டு வாசலுக்கு வேணாம், பள்ளிக்கே இருக்கட்டும்னுட்டாக.

— நிஷா, ஏன்டி சொல்லலை?

— ஒடைஞ்ச சந்தூக்கு முன்னாடி ஒங்க அம்மா காத்துக் கெடந்தாகன்னு, கடலுக்கு அங்கிட்டு இருக்கிற மனுசன்கிட்ட எந்த வாயால சொல்வேன்?

— அழுகாதீங்க அண்ணி. அல்லா இந்த வீட்ல இருக்கிற எல்லாருக்கும் நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்ணே. அந்தத் தேக்கு, இந்த வாசலுக்குத் திரும்பி வர ரொம்ப ரொம்ப நாளாகட்டும்.