நீ வாசி, நான் பார்க்கிறேன்

— "மணி அடித்ததும்", கமா, "அந்த நாய்க்கு எச்சில் ஊறியது", முற்றுப்புள்ளி. டிக் போட்டுட்டியா?

— போட்டாச்சு, போட்டாச்சு. மேல போக்கா.

— எங்க, அந்தத் தாளை இப்படித் திருப்பு. என்னடா இது! "அந்தத் தாய்க்கு எச்சில் ஊறியது"ன்னு அச்சாகியிருக்கு!

— ஐயையோ.

— ஐயையோவாம். காலேஜ் பிள்ளைங்க படிக்கப்போற மனோதத்துவப் புத்தகம்டா. முதல் வருஷத்துப் பசங்க இதைப் படிச்சிட்டு, வீட்டுக்குப் போய் அம்மா முன்னாடி மணி அடிச்சுப் பார்ப்பாங்க.

— நீ நாய்னு வாசிச்ச. என் கண்ணுக்கும் நாய்னுதான் தெரிஞ்சுது. நான் என்ன பண்ணட்டும்?

— தூங்குமூஞ்சி! இருபத்தாறு வருஷமா இந்த மேசையில எதிரும் புதிருமா உட்கார்ந்திருக்கோம். எழுதினவங்க கொடுத்த தாளை நான் வாசிக்கணும், அச்சான தாளை நீ வரி வரியா பார்க்கணும். காதால கேட்டு டிக் போடறதுக்கு தம்பி எதுக்கு, ஒரு கிளி போதும்.

— சரி சரி, திருத்திட்டேன். அடுத்த பாடம் என்ன?

— நினைவு... ஏன்டா பேனாவை மூடற?

— அந்தப் பொண்ணு இன்னும் மாடிப்படியிலதான் உட்கார்ந்திருக்குக்கா.

— தெரியும். காலையில அவளைத் தாண்டித்தானே வந்தேன். லெட்டரை என் கையில திணிச்சிட்டு, "ஒரே ஒரு கையெழுத்தும்மா. அன்னைக்குப் பார்த்தது எங்கப்பாவைத்தான்னு முழு நிச்சயம் இல்லைன்னு மட்டும் எழுதிக் கொடுங்க, எங்கப்பா கேஸை மறுபடியும் விசாரிப்பாங்க"ன்னா.

— நீ என்ன சொன்ன?

— சாயங்காலம் சொல்றேன்னேன். நம்ம அப்பாவை வேன் ஏத்திக் கொன்னவனோட பொண்ணு, என் முன்னாடி நின்னு எங்கப்பா எங்கப்பாங்கறா. ஆனா பார், எனக்குக் கோபமே வரல. செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கா. நம்ம அப்பா போனப்ப அவளுக்குப் பத்து வயசுகூட இருந்திருக்காது.

— ஏழு வருஷம் ஆச்சு. அவருக்கு இன்னும் மூணு வருஷம் பாக்கி. ஜெயில் ஆஸ்பத்திரியில படுத்த படுக்கையாம்க்கா. அதுவரைக்கும் தாங்குவாரான்னு...

— அவரா? அவன் எப்படா உனக்கு "அவர்" ஆனான்?

— விடுக்கா. நீ வாசி.

— "நினைவு என்பது எடுத்து வைத்த புகைப்படம் அல்ல", முற்றுப்புள்ளி. "நினைக்கும்போதெல்லாம் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது", முற்றுப்புள்ளி. "இடையில் பார்த்ததும் கேட்டதும் அதில் கலந்துவிடும்", முற்றுப்புள்ளி. "நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்வதாலேயே..."

— ஏன் நிறுத்திட்ட?

— கண்ணாடி மங்கலா இருக்கு.

— இப்பத்தானே துடைச்ச.

— இந்தப் பாடத்தை முன்னாடியே எடுத்துப் படிச்சேன், ரெண்டு நாளா இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியலடா. கண்ணை மூடினா அவன் முகம் அப்படியே நிக்குது, வலது கன்னத்து மரு வரைக்கும். ஆனா நான் அன்னைக்குப் பார்த்தது இந்த ஜன்னல்லேர்ந்துதானே? ரெண்டு மாடி உசரம். மழை வேற. வேனை விட்டு இறங்கினான், அப்பாவைக் குனிஞ்சு பார்த்தான், திரும்ப ஏறிப் போயிட்டான். அவ்வளவுதான். இன்னைக்குக் காலையில பேப்பர் கட்டு இறக்க வந்த லாரிக்காரன் அதே இடத்துல நின்னான். எட்டிப் பார்த்தேன். அவனுக்கு மீசை இருக்கா இல்லையான்னே தெரியலடா எனக்கு.

— அப்ப அந்த மரு?

— போலீஸ் ஸ்டேஷன் போட்டோவில பார்த்திருப்பேன். கோர்ட்ல பார்த்திருப்பேன். எங்க பார்த்தேன்னு எனக்கே இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியல. வண்டி நம்பரை யாரும் பார்க்கல. வெள்ளை வேன் ஓட்டற ஆறு பேரோட போட்டோவைப் பரப்பி வெச்சாங்க. ரெண்டாவதா, நாலாவதான்னு எனக்கு ஒரே குழப்பம். நாலாவதுமேல கை வெச்சிட்டு வெளிய வந்தேன். வராந்தாவுல உன்கிட்ட என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?

— "நாலாவதுதானேடா"ன்னு கேட்ட.

— நீயும் உள்ள போய் நாலாவதையே காட்டின. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு நாள்கூட சந்தேகம்னு வந்ததில்ல.

— கையெழுத்துப் போட்டுடேன்க்கா. புத்தகமே சொல்லுதே, ஞாபகம் தப்பும்னு.

— அடேங்கப்பா! சமையல் குறிப்பு அச்சுக்கு வந்தாக்கூட, "அச்சுல இருந்தா உண்மையா"ன்னு கேக்கறவன் நீ. இன்னைக்கு என்ன, புத்தகத்துமேல திடீர்னு இவ்வளவு பக்தி?

— அந்தப் பொண்ணு பாவம்க்கா.

— பாவம்தான். நான் ஒருத்தி மட்டும் பார்த்திருந்தா இந்நேரம் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனா, வேன் மறைச்சதுல மேலேர்ந்து எனக்குத் தெரியலன்னாலும், நீ ரோட்டுலயே நின்னியேடா. கண்ணு தெரியாத அப்பா கையைப் பிடிச்சுட்டு நின்ன. உனக்கும் அந்த டிரைவருக்கும் நடுவுல ரெண்டே அடி. என் கண்ணு தப்பியிருக்கலாம். உன் கண்ணுமா தப்பும்? முடியாது. அப்பாவைக் கொன்னவனுக்கு நான் கை கொடுக்க மாட்டேன். போ, கீழ போய் அவகிட்ட முடியாதுன்னு சொல்லிடு. நான் போனா அழுதுடுவேன்.

— அக்கா...

— எழுந்திருடா. எவ்வளவு நேரம்தான் அந்தப் பொண்ணு படியில உட்கார்ந்திருக்கும்?

— அன்னைக்கு ரோட்டைத் தாண்டறதுக்குள்ள மழை வலுத்துடுச்சு. அப்பாவை ஓரமா நிக்க வெச்சிட்டு, குடை வாங்கக் கடைக்குள்ள போனேன்.

— குடையா? எந்தக் குடை? கையை விடவே இல்லைன்னு சொன்னியே!

— உன்கிட்ட எப்படிக்கா சொல்லுவேன்? "இங்கயே நில்லுங்கப்பா"ன்னுதான் சொல்லிட்டுப் போனேன். நீலமா, கறுப்பான்னு குடையைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, ரோட்டுல அப்பா மட்டும்தான் கிடந்தாரு. வேனும் இல்ல, ஆளும் இல்ல.

— இரு, இரு. அப்ப அந்த நாலாவது போட்டோ? கோர்ட்ல அத்தனை பேர் முன்னாடி "இவரேதான்"னு விரலை நீட்டினியே, அது?

— நீ வாசிச்ச. நான் டிக் போட்டேன்.